முட்டிக்கு ஒன்று, குடலுக்கு ஐந்து

காந்தி ரோட்டில் என் ஜெராக்ஸ் கடைக்கு எதிர்ப்பக்கம் இளங்கோவன் முதலாளியின் பட்டுக்கடை. அங்கே லோகேஸ்வரன் சேல்ஸ்மேன். அவருடைய சிறுகுடலின் ஸ்கேன் ரிப்போர்ட்டை இதுவரை ஒன்பது தடவை பிரதி எடுத்துக் கொடுத்தவன் என்ற முறையில், இந்த மனிதரைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. உள்ளே இருப்பதையே பார்த்துவிட்டேன். வெளியே இருப்பதை எழுதுவதில் என்ன தயக்கம்?

லோகேஸ்வரன் கூரத்துக்காரர். பல்லவ ராஜா செப்பேட்டில் எழுதி நிலம் தானம் கொடுத்த ஊர். எந்த ராஜாவும் லோகேஸ்வரனின் தாத்தா பக்கம் திரும்பிப் பார்க்காததால், இருந்த முக்கால் காணியை அண்ணனிடம் விட்டுவிட்டு இருபது வயதில் பட்டுக்கடைக்கு வந்தார். இருபத்துநாலு வருஷம் ஆகிறது. இப்போது குடியிருப்பு ஐயம்பேட்டையில். காலையில் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினால், வெள்ளை விரித்த மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்வார். இரவு கடை சாத்தும்போது எழுந்திருப்பார். நடுவில் புடவை.

வந்த பெண் எதைக் கேட்டாலும் முதலில் அதைக் காட்ட மாட்டார். வேறு பத்தைப் பிரித்துப் போடுவார். அவள் கண் எதன்மேல் இரண்டாம் முறை போகிறது என்று மட்டும் பார்ப்பார். அதை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு இன்னும் பத்துப் பிரிப்பார். கடைசியில் அந்த ஓரத்துப் புடவையை இழுத்து, "இது உங்களுக்குன்னே நெய்ஞ்சது மா" என்பார். அவளும் ஆமாம் போலிருக்கிறதே என்று வாங்கிக்கொண்டு போவாள். வந்து உட்கார்ந்த இரண்டாவது நிமிஷத்தில் ஒரு பெண்ணின் மனசைப் படித்துவிடுவார் என்று தெருவில் பேர்.

இன்னொன்று, குறை என்று ஒன்றை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. ஜரிகை ஓரிடத்தில் மங்கியிருந்தால், "பழைய காலத்து லுக்குமா, இதுக்குன்னு ஆர்டர் குடுத்து நெய்யுறாங்க" என்பார். இரண்டு நிறம் சேராமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தால், "இப்ப இதுதாம்மா ஓடிக்கினு இருக்குது." ஒரு தடவை முந்தானையில் ஒரு மயிலுக்குத் தலையே இல்லை. "திரும்பிப் பாக்குது மா" என்று விற்றுவிட்டார். இந்தப் பழக்கம் புடவையோடு நின்றிருந்தால் எந்தத் தொந்தரவும் இல்லை. உடம்புக்கும் வந்துவிட்டது.

பத்து மணி நேரம் சம்மணம் போட்டால் முட்டி என்ன ஆகும்? அவருக்கு முன்னால் அந்த மெத்தையில் உட்கார்ந்திருந்தவர் கந்தன். கல்யாண சீசனில் ஒருநாள், எட்டுப் பேர் வந்திருந்த ஒரு பெண் வீட்டார் எதிரில், கந்தனால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். முதலாளி ஒன்றும் திட்டவில்லை. "பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று குடோனுக்கு அனுப்பினார். குடோனிலிருந்து கந்தன் வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி யாரும் பேசியதில்லை. பார்த்துக்கொண்டிருந்த லோகேஸ்வரன் அன்று மனசில் ஒன்று எழுதிக்கொண்டார்: உட்கார முடியாதவனுக்கு இங்கே இடம் இல்லை.

அவருக்கும் முட்டி பேச ஆரம்பித்தபோது, பக்கத்துச் சந்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் சிட்டிபாபுவிடம் போனார். சிட்டிபாபுவுக்கு வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்தாலே போதும், டாக்டர் சீட்டு எதற்கு? ரோஸ் நிறத்தில் ஒரு வலி மாத்திரையைக் கொடுத்தார். வலி பறந்தது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, சீசனில் மூன்று. எட்டு வருஷம் ஓடியது. லோகேஸ்வரன் சந்தில் திரும்புவதைப் பார்த்ததுமே சிட்டிபாபு அட்டையைக் கத்தரித்து வைத்துவிடுவார். வீட்டில் மனைவி கிருஷ்ணவேணிக்குக்கூட இது தெரியாது.

போன வருஷம் ஆடி மாதத்துக்குப் பிறகு வயிறு கெட்டது. சாப்பிட்ட அரை மணியில் தொப்புளைச் சுற்றிப் பிசையும். புடவையைப் பாதி விரித்த நிலையில், "ஒரே நிமிஷம்மா" என்று பின்கட்டுக்கு ஓடுவார். திரும்பி வரும்போது பெண் வீட்டார் பக்கத்துக் கடையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆள் இளைத்தார், முகம் வெளுத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம், மலம், ஸ்கேன் எல்லாம் பார்த்தார்கள். டிபி இல்லை. சிறுகுடலில் வீக்கம், அங்கங்கே புண், ஓரிடத்தில் குழாய் சுருங்கி வருகிறது.

"மூணு மாசம் மருந்து சாப்பிடுங்க. திரும்ப ஸ்கேன் எடுப்போம். அப்பவும் சுருங்கிக்கிட்டே போச்சுன்னா அந்தத் துண்டை வெட்டி எடுத்துட்டுச் சேத்துத் தைக்கணும்" என்றார் டாக்டர். பிறகு கேட்க வேண்டியதையும் கேட்டார். "வேற எதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"ஒண்ணும் இல்ல சார்" என்றார் லோகேஸ்வரன். புடவையில் குறை உண்டா என்று கேட்டது போல அவ்வளவு சுத்தமாக.

குடலில் ஒரு துண்டு போகுமா, நிற்குமா என்பது இனி மூன்று மாதத்துக் கேள்வி. கிருஷ்ணவேணி வீட்டில் புளியை நிறுத்தினாள், மிளகாயை நிறுத்தினாள். குழைந்த சோறும் மோரும் வீட்டுச் சாப்பாடானது. அவளும் அதையே சாப்பிட்டாள். "எனக்கு ஒருத்திக்குன்னு தனியா ஒல வெக்கணுமா?" என்றாள்.

கடையில் எல்லோரும் வைத்தியரானார்கள். மாதுளந்தோல் என்றார் ஒருவர், வசம்பு என்றார் இன்னொருவர். பக்கத்து மெத்தைக்காரர் பாண்டியன்தான் ஹோமியோபதி என்றார். "ஏனாத்தூர் ரோட்டுல ஒரு டாக்டரம்மா இருக்குதுபா. என் மச்சினிக்கு மூணு வருஷ தும்மல். அஞ்சே உருண்டை. இப்ப தும்மணும்னாலும் தும்மல் வரல." தும்மல் வேறு, சிறுகுடல் வேறு என்று அந்த இடத்தில் சொல்ல யாரும் இல்லை. நான் சொல்லிப் பார்த்தேன். "நீ ஜெராக்ஸ் எடுப்பா" என்றார்கள்.

லோகேஸ்வரன் போனார். அந்த டாக்டரம்மா பிரவீனா நேர்மையான ஆள். முதல் வார்த்தையே, "ஆஸ்பத்திரி மருந்தை ஒருவேளைகூட நிறுத்தக் கூடாது. நான் கூட நிக்கிறவ மட்டுந்தான். குடலைத் திறந்து பாக்குறது, வெட்டுறதா வேணாமான்னு சொல்றது எல்லாம் அவங்க வேலை" என்றார். பிறகு ஒரு நீள நோட்டைத் திறந்து ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டார்.

லோகேஸ்வரனுக்கு அது புது அனுபவம். அவரை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எந்தப் பக்கம் படுப்பீர்கள்? இடி இடித்தால் பயமா? தாகம் எடுத்தால் மடமடவென்று குடிப்பீர்களா, மடக்கு மடக்காகவா? என்ன கனவு வரும்? அழுகை வந்தால் யாராவது தேற்ற வேண்டுமா, தனியாக விட வேண்டுமா? ஆஸ்பத்திரியில் மூன்று நிமிஷம் கிடைத்தவருக்கு இங்கே கனவுக்கு மட்டும் கால் மணி நேரம் கொடுத்தார்கள். மனிதர் மலர்ந்துபோனார். மலர்ந்ததும் பழக்க தோஷம் தலைதூக்கியது. ஏற்கெனவே நல்ல சரக்கு, அதை இன்னும் கொஞ்சம் நல்லதாக விரித்துக் காட்டினார்.

"கோவம் வருமா?"

"எனக்கா? சேச்சே. யாராச்சும் திட்டுனாகூடச் சிரிச்சிக்கினே போயிடுவேன் மா."

"பயம்?"

"அந்தப் பேச்சே கெடையாது."

"வேற இங்கிலீஷ் மருந்து எதாவது?"

"ஆஸ்பத்திரில குடுத்தது மட்டுந்தாம்மா."

இப்படியாக, சாந்தமான, பயமற்ற, எதையும் மறைக்காத ஒரு மனிதருக்கு டாக்டர் மருந்து எழுதினார். அந்த மனிதர் அன்று கிளினிக்குக்கு வரவே இல்லை. அவருடைய மருந்தை லோகேஸ்வரன் வாங்கிக்கொண்டு போனார்.

வெள்ளைச் சர்க்கரை உருண்டைகள். வேளைக்கு ஐந்து, நாக்கில் வைத்துக் கரைய விட வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் வாயில் எதுவும் போகக் கூடாது. காபி கூடாது, பச்சை வெங்காயம் கூடாது. கற்பூர வாசனை கூடவே கூடாது, மருந்து வேலை செய்யாமல் போய்விடும்.

காஞ்சிபுரத்தில் ஒருவரிடம் கற்பூரம் கூடாது என்று சொல்வதும் கடலில் மீனிடம் ஈரம் படாதே என்று சொல்வதும் ஒன்றுதான். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் கோயில், கோயில் இல்லாத இடத்தில் கோயிலுக்குப் போகிற வழி. ஆனால் லோகேஸ்வரன் விடவில்லை. வீட்டில் பூஜை மாடத்துக் கற்பூர டப்பாவை அண்ணன் வீட்டுக்கு அனுப்பினார். வெள்ளிக்கிழமை காமாட்சியம்மனைத் தூரத்திலிருந்தே கும்பிட்டு, தீபாராதனை மணி அடித்ததும் குளத்துப் பக்கம் நழுவினார். கடையில் காலையில் முதலாளி சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டும்போது, முகத்தில் துண்டைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு வந்து என் கடை வாசலில் நிற்பார்.

ஒரு மாதம் இது நடந்தது. முதலாளி ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்பா, இந்த லோகேஸ்வரன் மதம் கிதம் மாறிட்டானா? கற்பூரம் ஏத்துனா எழுந்து ஓடுறான். பாண்டியன் வேற சொல்றான், எதோ வெள்ளையா சின்னதா நாக்குல வெச்சிக்கினு கண்ண மூடிக்கிறானாம்."

நான் விளக்கினேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து லோகேஸ்வரனிடம் மரியாதையாகப் பேசினார், அடுத்த மதத்துக்காரர்களிடம் பேசுவது போல.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அவர் சட்டைப் பையில் இரண்டு மருந்து இருந்தது. சர்க்கரை உருண்டைக் குப்பி ஒன்று, சிட்டிபாபு கொடுத்த ரோஸ் மாத்திரை அட்டை ஒன்று. இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவே இல்லை. அரை மணி விதியை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். ஒன்பதுக்கு உருண்டை ஐந்து, ஒன்பதரைக்கு முட்டிக்கு ஒன்று. மாலை நாலுக்கு முட்டிக்கு ஒன்று, நாலரைக்கு உருண்டை ஐந்து. கைபேசியில் அலாரம் வைத்திருந்தார். கற்பூரப் புகையிலிருந்து குடலைக் காப்பாற்றியவர், அந்தக் குடலில் எட்டு வருஷமாக எதைக் கொட்டிக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு நொடி யோசிக்கவில்லை.

ஒரு மாதத்தில் முன்னேற்றம் இல்லை. டாக்டர் பிரவீனா வீட்டுக்காரம்மாவை அழைத்துவரச் சொன்னார். கிருஷ்ணவேணியிடம் அவருடைய குணத்தைப் படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டார். அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"சாந்தமா? யாரு, இவரா? நேத்து மோர்ல உப்பு கம்மின்னு டம்ளர் பறந்துச்சிமா. தெரு நாய் கொலைச்சா என்னைத்தான் முன்னாடி நடக்க விடுவாரு."

டாக்டர் மருந்தை மாற்றினார். லோகேஸ்வரன் வழி முழுக்கக் கிருஷ்ணவேணியிடம் பேசவில்லை. கோபமே வராதவர் அல்லவா!

அவளுக்கும் தெரியாத அந்த ஒன்று மட்டும் நோட்டில் ஏறவில்லை. இரண்டாவது மாதமும் போனது. சுண்டுவிரல் மோதிரம் நடுவிரலுக்கு மாறியது. மறு ஸ்கேனுக்கு மூன்று வாரம்தான் பாக்கி. கத்தியை நினைத்து அவர் நிஜமாகவே பயந்தார். என் கடையில் வந்து, "குடல்ல ஒரு முழம் போயிட்டா மனுஷன் பொழைப்பானாப்பா?" என்று கேட்பார். தைரியம் சொல்வேன். என் தைரியம் எனக்கே கேட்காது.

இந்த நேரத்தில்தான் டாக்டர் பிரவீனா தங்கை கல்யாணத்துக்குப் புடவை எடுக்க இளங்கோவன் கடைக்கு வந்தார். முகூர்த்த மாதம், ஞாயிற்றுக்கிழமை, கடையில் நிற்க இடமில்லை. லோகேஸ்வரன் அவரைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்த கூட்டத்தைப் பாண்டியனிடம் தள்ளிவிட்டு, "வாங்கம்மா, வாங்க" என்று மெத்தையைத் தட்டினார். ஒன்றரை மணி நேரம் தன்னைக் கேட்டவருக்குத் தன் திறமையைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா?

புடவைகள் பறந்தன. அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள். டாக்டரின் கண் ஒரு மயில் கழுத்து நிறத்தின்மேல் இரண்டாம் முறை போனதைக் கவனித்து, அதை ஓரம் தள்ளினார். சரியாக அப்போது கைபேசி கூவியது. நாலு மணி. இடது கை புடவைக் கரையை நீவிக்கொண்டே இருக்க, வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், அட்டையை அமுக்கி, மாத்திரையை வாயில் போட்டது. தண்ணீர்கூட இல்லை. "கோர்வைக் கரைமா, தனியா கோத்து நெய்ஞ்சது" என்ற வாக்கியத்தின் நடுவில் அது உள்ளே போய்விட்டது.

"அது என்ன?" என்றார் டாக்டர்.

"இதுவா? கோர்வைன்னா வந்துமா..."

"வாயில போட்டீங்களே."

"அதுவா? அது முட்டிக்குமா. உங்க மருந்து நாலரைக்குத்தான். நடுவுல அரை மணி கரெக்டா உட்டுடுவேன்" என்றார் பெருமையாக.

டாக்டர் கையை நீட்டினார். அட்டையைத் திருப்பிப் படித்தார். படிக்கும்போதே முகம் மாறியது.

"எத்தனை வருஷமா?"

"எட்டு... ஒம்போது ஆவுதுமா."

"தினமுமா?"

"ரெண்டு. சீசன்ல மூணு."

"வேற மருந்து சாப்பிடுறீங்களான்னு நான் கேட்டேன். ஆஸ்பத்திரில கேட்டாங்க. ரெண்டு இடத்துலயும் இல்லன்னீங்க."

லோகேஸ்வரன் நிஜமாகவே குழம்பினார். "சீக்குக்குச் சாப்பிட்டாத்தானேமா மருந்து? இது வேலைக்குச் சாப்பிடுறது."

டாக்டர் பிரவீனாவுக்குக் கோபம் வந்தது. சுற்றிலும் முப்பது பேர் புடவை பார்த்துக்கொண்டிருந்ததை அவர் பொருட்படுத்தவில்லை. "ரெண்டு மாசமா உங்க கனவை எழுதிக்கிட்டு இருக்கேன். நீங்க எந்தப் பக்கம் படுக்குறீங்கன்னு எழுதிக்கிட்டு இருக்கேன். இந்த மாத்திரை வயித்தை மட்டும் இல்ல, சிறுகுடலையும் புண்ணாக்கும். தினமும் வருஷக் கணக்கா சாப்பிட்டா குழாயே சுருங்கும். என் உருண்டைய விடுங்க, எந்த மருந்தும் இதுக்கு முன்னாடி நிக்காது!"

எழுந்துவிட்டார். லோகேஸ்வரனின் வாய், இருபத்துநாலு வருஷப் பழக்கத்தில், அவரைக் கேட்காமலே பேசியது. "வேற டிசைன் காட்டட்டாம்மா?"

டாக்டர் பக்கத்தில் கிடந்த புடவைப் பெட்டியின் மூடியைக் கிழித்து, அதன் பின்பக்கம் ஆஸ்பத்திரி டாக்டருக்கு நாலு வரி எழுதினார். மாத்திரையின் பெயர், அளவு, எத்தனை வருஷம். "நாளைக்குக் காலையில இதையும் அட்டையையும் அவர்கிட்ட காட்டுங்க. காட்டாம என்கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டு, புடவை எடுக்காமலே போனார்.

காட்டினாரா? இல்லை. பெட்டி மூடியை எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் மாத்திரை இல்லாமல் உட்கார்ந்து பார்த்தார். பதினோரு மணிக்கு முட்டி தீயாய் எரிந்தது. ஒரு மணிக்கு எழுந்திருக்க முடியவில்லை, பாண்டியன் யாருக்கும் தெரியாமல் பின்னாலிருந்து தூக்கிவிட்டார். இரண்டு மணிக்குச் சிட்டிபாபு கடையில் நின்றார். அன்று அவர் என் கடை வாசலைத் தாண்டிப் போனபோது என்னைப் பார்க்கவில்லை. மாட்டிக்கொண்ட மனிதன் எப்படி நடப்பான் என்று அன்றுதான் பார்த்தேன்.

புதன்கிழமை கிருஷ்ணவேணி சட்டை துவைத்தாள். மூடி கிடைத்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொன்னாள். படித்தேன். மூடியையும் ஒரு பிரதி எடுத்தேன். பிரதியை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கிருந்து நேராகப் பட்டுக்கடைக்குள் போனாள். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அந்தக் கடைக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. லோகேஸ்வரன் அவளைப் பின்கட்டுக்கு இழுத்துப் போனார். சத்தம் என் கடைவரை கேட்டது.

"புளிக்கொழம்பு வெச்சி ரெண்டு மாசத்துக்கு மேல ஆவுது. கல்யாணம் காட்சின்னு ஒரு எடத்துல உக்காந்து நான் சாப்பிடல. சாமிக்கு ஒரு கற்பூரம் ஏத்தல. நீ இத முழுங்கிக்கினே இருந்தியா? என்கிட்டகூடச் சொல்ல மாட்டியா?"

"சொன்னா?"

"சொன்னா என்னவாம்?"

"உக்கார முடியாதுன்னு தெரிஞ்சா கந்தனாட்டம் வூட்டுக்கு அனுப்பிடுவாங்க வேணி. இந்த மெத்தைய உட்டா எனக்கு என்னா தெரியும்?"

பிறகு அவள் சொன்னாள். "கொடலு போனா மெத்தையில படமாத்தான் உக்காரணும். வா."

கையைப் பிடித்து வெளியே அழைத்துவந்தாள். நேராக ஆஸ்பத்திரிக்கு.

அங்கே வழக்கம்போல மூன்று நிமிஷம்தான். ஆனால் அட்டையைப் பார்த்ததும் டாக்டரின் பேனா நின்றது. "இத முதல்லயே சொல்றதுக்கு என்ன?" லோகேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டு, "தப்பு என்னுது சார்" என்றார். அவர் அதை அத்தனை சுலபமாகச் சொல்லவில்லை என்று கிருஷ்ணவேணி சொன்னாள். வலி மாத்திரையை அன்றே நிறுத்தச் சொன்னார்கள். முட்டிக்கு வேறு வைத்தியம், வேறு பிரிவு, கீழே உட்காரவே கூடாது. ஸ்கேனை இரண்டு மாதம் தள்ளி வைத்தார்கள்.

மறுநாள் முதலாளி எதிரில் போய் நின்றார். நானும் கூட இருந்தேன், துணைக்கு.

"மொதலாளி, என்னால இனிமே மெத்தையில உக்கார முடியாது. முட்டி போயிடுச்சி. ஒம்போது வருஷமா மாத்திரை போட்டுக்கினுதான் உக்காந்திருந்தேன்."

இளங்கோவன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் நிம்மதி படர்ந்தது. "அவ்ளோதானா? நான் என்னென்னவோ நெனைச்சிக்கினு இருந்தேம்பா. போ, ஒரு ஸ்டூல போட்டுக்கோ. வர்ற பொம்பளைங்களும் முட்டி வலின்னு நாற்காலிதான் கேக்குறாங்க." பயந்து பயந்து ஒரு குடலையே பணயம் வைத்த மனிதருக்கு, கேட்டதும் ஸ்டூல் கிடைத்தது. சந்தோஷப்பட வேண்டியவர் அன்று மத்தியானம் பின்கட்டில் உட்கார்ந்து அழுதார். எனக்குக் கந்தனை நினைத்துப் பாவமாக இருந்தது. அவரும் வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்பது வேறு விஷயம். அப்போது முட்டி வலிக்காரிகள் யாரும் நாற்காலி கேட்கவில்லை.

இரண்டு மாதத்தில் ஸ்கேன் வந்தது. புண் ஆறி வருகிறது, வீக்கம் குறைந்திருக்கிறது, சுருக்கம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. வெட்ட வேண்டாம். மருந்தைத் தொடர்ந்தால் போதும்.

இதற்குள் தெரு முடிவு கட்டிவிட்டது: ஏனாத்தூர் ரோட்டு அம்மா சிறுகுடலைச் சர்க்கரை உருண்டையில் சரிசெய்துவிட்டார்! பாண்டியனும் மற்ற மெத்தைக்காரர்களும் வரிசையாகப் போனார்கள். டாக்டர் பிரவீனா வந்தவர்களிடம் எல்லாம், "நான் குணப்படுத்தல. ஒரு தப்பான மாத்திரையை நிறுத்தினாரு, ஆஸ்பத்திரி மருந்து வேலை செஞ்சுது, அவ்வளவுதான்" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டார். "எவ்ளோ பெரிய டாக்டரு, என்னா அடக்கம் பாரு" என்றார்கள். கூட்டம் இரண்டு மடங்கானது. சிட்டிபாபு காலத்துக்கு ஏற்ற மனிதர்; ரோஸ் மாத்திரைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே சர்க்கரை உருண்டைக் குப்பிகளையும் அடுக்கி, ஊதுபத்தி காட்டினார்.

லோகேஸ்வரன் மட்டும் உண்மையைச் சொன்னார். ஸ்டூலில் உட்கார்ந்து புடவை விரிக்கும்போது யாராவது வயிற்றைப் பிடித்தால், "மொதல்ல என்னென்ன மாத்திரை முழுங்குறீங்கன்னு டாக்டர்கிட்ட முழுசா சொல்லுங்கம்மா" என்பார். யாரும் கேட்பதில்லை. அவர் வாயிலிருந்து வரும் முதல் உண்மை, அதனால் விலைபோகவில்லை.

போன வாரம் டாக்டரிடம் ரிப்போர்ட் காட்டப் போனார். கிருஷ்ணவேணியும் போனாள். ரிப்போர்ட் பிரதியை எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். டாக்டர் நோட்டை மூடி, "இனிமே என்கிட்ட வர வேண்டியதில்ல. ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஒழுங்கா போங்க" என்றார். லோகேஸ்வரன் எழுந்தார். கிருஷ்ணவேணி எழுந்திருக்கவில்லை. நகர்ந்து, அவர் காலி செய்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னையும் அந்த மாதிரி கேளுங்கம்மா" என்றாள். "தலைவலிக்கு."

டாக்டர் மூடிய நோட்டை மறுபடி திறந்தார். பிறகு புதுப் பக்கம் திருப்பினார். எங்களை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார். கால் மணி நேரம் கழித்து, வீட்டில் இருக்கிறவரையும் கேட்பது அவர் வழக்கம் அல்லவா, கதவைப் பாதி திறந்து தலையை நீட்டினார்.

"உங்க வீட்டம்மாவுக்குத் தலைவலி எந்தப் பக்கம் வரும்? எப்ப வரும்? எத்தனை நாளா இருக்கு?"

லோகேஸ்வரன் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். முன்பின் தெரியாத ஆயிரம் பெண்களின் மனசை இரண்டு நிமிஷத்தில் படித்தவர், தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தலைவலியா? எனக்குத் தெரியாதேம்மா" என்றார்.

உள்ளேயிருந்து கிருஷ்ணவேணிதான் பதில் சொன்னாள். "பன்னெண்டு வருஷமா."